எடையில்லாத இரை, பசியில்லாத மீன்: மூங்கில் கோலில் சால்மன் பிடிப்பது பற்றி

ஒரு கோழி இறகைக் கையில் எடுத்து, பலம் கொண்ட மட்டும் தூர வீசிப் பாருங்கள். மூக்குக்கு முன்னாலேயே ஆடி ஆடி விழும். அதே இறகை ஒரு கூழாங்கல்லில் கட்டி வீசினால் முப்பது நாற்பது அடி போகும். போவது கல், இறகு அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான். நாம் பார்த்துப் பழகிய தூண்டில் எல்லாம் இந்த இரண்டாவது வகை. நுனியில் ஈயக் குண்டோ, மிதவையோ, புழு கோத்த முள்ளோ இருக்கும், அதன் கனம் நரம்பை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் விழும். ஃப்ளை ஃபிஷிங்கில் நுனியில் கட்டியிருப்பது இறகும் முடியும் நூலும் சுற்றிய ஒரு முள். ‘ஃப்ளை’ என்று சொல்வது அதைத்தான். அதற்கு எடை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனால் அதை அறுபது எழுபது அடி தள்ளி, நினைத்த இடத்தில் போட்டாக வேண்டும்.

எப்படி என்றால், கனத்தை நுனியிலிருந்து எடுத்துக் கயிற்றுக்குள் வைத்துவிட்டார்கள். ஃப்ளை லைன் சாதாரணத் தூண்டில் நரம்பு போல மெலிந்திருக்காது. உள்ளே ஒரு நூல், அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சு, தொட்டுப் பார்த்தால் மெல்லிய மின்சார வயர் மாதிரி இருக்கும். சாட்டையைச் சொடுக்கும்போது கைப்பிடியில் கொடுத்த விசை சாட்டை நெடுக ஓடி நுனிக்குப் போகிறதல்லவா, இங்கேயும் அதேதான். நாம் வீசுவது லைனை. முள் சும்மா கூடவே போகிறது. இந்த ஒரு விஷயம் மண்டையில் ஏறிவிட்டால், கோல் ஏன் இவ்வளவு நீளம், ஏன் முன்னும் பின்னும் ஆட்டுகிறார்கள், லைனை ஏன் எண் போட்டு விற்கிறார்கள் என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

அந்த எண், லைனின் முதல் 30 அடியின் எடையைச் சொல்கிறது. 5-ஆம் எண் என்றால் 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம். ட்ரவுட் மீனுக்கு அது போதும். 8-ஆம் எண் 210 கிரெய்ன், சுமார் 13.6 கிராம், ஒற்றைக் கைக் கோலால் சால்மனுக்கு வீசுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குவார்கள். கோலின் மேலும் இந்த எண் எழுதியிருக்கும், இரண்டும் பொருந்த வேண்டும். இரண்டு கையாலும் வீசும் நீளக் கோல்களுக்குத் தனி அளவு முறை இருக்கிறது, அதில் ஆரம்பத்திலேயே தலையைக் கொடுக்காதீர்கள், குழம்பித்தான் போவீர்கள். லைன் தடியாக இருப்பதால் மீன் கண்ணில் படும். ஆகவே அதன் முனையில் பத்தடி பன்னிரண்டு அடிக்குத் தெளிந்த நைலான் ஒன்றைச் சேர்த்து, அதன் நுனியில் முள்ளைக் கட்டுகிறார்கள். அதற்கு லீடர் என்று பெயர். நைலான் வருவதற்கு முன்னால் பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து எடுத்து நீட்டிய இழையைத்தான் இதற்குப் பயன்படுத்தினார்கள்.

சரி, கோலுக்கு வருவோம். கோல் ஒரு ஸ்பிரிங். லைனைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பின்னால் எறிகிறோம். அது நமக்குப் பின்னே காற்றில் முழு நீளத்துக்கும் விரிகிறது. விரிந்து முடியும் கணத்தில் கோலை முன்னால் கொண்டுவந்தால், அந்த லைனின் கனம் நுனியைப் பின்னுக்கு இழுத்துக் கோலை வளைக்கும். அப்போது கையைச் சட்டென்று நிறுத்தினால், வளைந்த கோல் நிமிர்ந்து லைனை முன்னே துப்பும். பலம் காட்டும் இடம் இதில் எங்குமே இல்லை. புதிதாகப் பிடிக்கிற எல்லோரும் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான்: பின்னால் போன லைன் விரிவதற்குள் அவசரப்பட்டு முன்னால் இழுத்துவிடுவது. அப்படி இழுத்தால் கோல் வளையாது, லைன் குவியலாகக் காலடியில் விழும். இன்னும் பலமாக இழுப்பீர்கள். இன்னும் மோசமாக விழும்.

இதற்கு ஒரு தம்பியும் உண்டு, லைன் பின்னால் தாழ்ந்து போவது. கரையில் கல் நிறைந்த ஓர் ஆற்றில் நான் ஒரு மத்தியானம் முழுவதும் வீசிக்கொண்டிருந்தேன், ஒன்றுமே தொடவில்லை, ஆற்றில் மீனே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். கிளம்பும்போது லைனைச் சுற்றி ஃப்ளையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இறகு இருக்கிறது, நூல் இருக்கிறது, முள்ளின் கொக்கி இல்லை. எந்த வீச்சிலோ பின்னால் கல்லில் பட்டு முறிந்திருக்கிறது. எத்தனை மணி நேரம் கொக்கி இல்லாத முள்ளை வைத்துக்கொண்டு மீனுக்காகக் காத்திருந்தேன் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு பத்து வீச்சுக்கு ஒரு தடவை முள்ளைத் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது.

சால்மன் ஆறுகள் பலவற்றில் பின்னால் வீச இடமே இருக்காது. முதுகுக்குப் பின்னே மரம், இல்லாவிட்டால் செங்குத்துக் கரை. ஸ்காட்லாந்தில் ஓடும் ஸ்பே ஆறு அப்படிப்பட்டது, அங்கே பிறந்த வீச்சுக்கு ஸ்பே வீச்சு என்றே பெயர். இதில் லைனை முழுதாகப் பின்னால் போகவிடுவதில்லை. நுனியைத் தண்ணீரில் பக்கத்திலேயே ஊன்றவிட்டு, மீதியைக் கோலுக்குப் பின்னே ஒரு தொங்கலாக வளைத்து, அந்தத் தொங்கலின் கனத்தையும் தண்ணீரின் பிடிமானத்தையும் வைத்தே கோலை வளைத்து முன்னால் அனுப்பிவிடுகிறார்கள். இதற்குத்தான் இரண்டு கை வேண்டும், 12 அடியிலிருந்து 15 அடி வரை நீளமுள்ள கோல் வேண்டும். தெரிந்தவர் செய்வதைப் பார்த்தால் கையே அசையாதது போல இருக்கும், லைன் பாட்டுக்கு ஆற்றின் குறுக்கே போய்ப் படுக்கும்.

இப்போது மீன். அட்லாண்டிக் சால்மன் ஆற்றில், கூழாங்கல் படுகைக்குள் பிறக்கிறது. சில ஆண்டுகள் ஆற்றிலேயே வளர்ந்து, உடம்பு வெள்ளியாக மாறியதும் கடலுக்கு இறங்குகிறது. ஒன்றோ இரண்டோ மூன்றோ குளிர்காலம் கடலில் தின்று கொழுத்து, பிறந்த ஆற்றையே தேடித் திரும்பி வருகிறது. கடைசிக் கட்டத்தில் வழி காட்டுவது அந்த ஆற்றுத் தண்ணீரின் வாசனை. பசிபிக் பக்கத்துச் சால்மன்கள் வேறு இனம், சினூக், கோஹோ, சாக்கை என்று பல வகை, அவை முட்டையிட்டதும் செத்துவிடும். அட்லாண்டிக் சால்மனில் கொஞ்சம் பிழைத்து மறுபடி கடலுக்குப் போகும். நான் இங்கே பேசுவது அட்லாண்டிக் சால்மனைப் பற்றி.

விசித்திரம் என்னவென்றால், ஆற்றுக்குள் திரும்பிய பிறகு இந்த மீன் சாப்பிடுவதில்லை. மாதக்கணக்கில். கடலில் சேர்த்த கொழுப்பை வைத்தே ஆறு ஏறி, முட்டையிட்டு முடிக்கிறது. வயிறும் குடலும் சுருங்கிப்போய்விடும். அப்படியானால் இறகு கட்டிய முள்ளை ஏன் கவ்வுகிறது? கோபம் என்பார்கள் சிலர், தன் இடத்துக்குள் வந்ததை விரட்டுகிறதாம். சின்ன வயதில் ஆற்றில் பூச்சி பிடித்த பழக்கம், கடலில் இறால் துரத்திய பழக்கம், வாய் தன்னையறியாமல் திறந்துவிடுகிறது என்பார்கள் சிலர். இன்னும் சிலர் வெறும் ஆர்வம் என்பார்கள், கை இல்லாத பிராணி ஒரு பொருளைத் தொட்டுப் பார்க்க வாயைத் தவிர வேறு என்ன இருக்கிறது? இதுதான் காரணம் என்று யாரும் நிரூபித்ததில்லை. எனக்குக் கடைசி விளக்கம்தான் பிடித்திருக்கிறது, ஆனால் பிடித்திருப்பது ஆதாரமாகாது.

சாப்பிடாத மீன் என்பதால் ஃப்ளையும் எந்தப் பூச்சியையும் போல இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ட்ரவுட் பிடிப்பவர்கள் ஆற்றில் அன்று பறக்கிற ஈயைப் பார்த்து அச்சு அசலாகக் கட்டுவார்கள். சால்மன்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை, அதனால் 19-ஆம் நூற்றாண்டில் கொஞ்சம் பைத்தியமே பிடித்துவிட்டது. உலகம் முழுவதிலுமிருந்து பறவை இறகு வரவழைத்து, ஒரு முள்ளில் பத்துப் பதினைந்து வகைப் பொருளைச் சுற்றினார்கள். அந்தக் காலத்து ‘ஜாக் ஸ்காட்’ என்ற ஃப்ளையின் பக்கவாட்டில் மஞ்சளும் வெள்ளையுமாகக் கண் போல மின்னும் ஒரு சின்ன இறகு இருக்கும். அது இந்தியக் காடுகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகு. அந்த இறகின் ஆசை எவ்வளவு தூரம் போனதென்றால், பிற்பாடு வேட்டையும் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டு, வெளிநாட்டில் இந்தக் கோழியை இறகுக்காகவே கூண்டில் வளர்க்க ஆரம்பித்தார்கள். இப்போது ஆற்றில் உண்மையாகப் பயன்படுவது பெரும்பாலும் முடியால் கட்டிய எளிய ஃப்ளைகள். கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள். தண்ணீர் குளிர்ந்து பெருகி ஓடினால் பெரியதாக, ஆழமாக. வெயில் ஏறித் தண்ணீர் வற்றினால் சின்னதாக, மேலாக. அவ்வளவு தெரிந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

எடையில்லாத ஒன்றைப் பசியில்லாத ஒன்றின் முன்னால் கொண்டுபோய்க் காட்டும் வேலைக்கு எதற்கு மூங்கில்? கார்பன் கோல் 1970-களின் தொடக்கத்திலேயே சந்தைக்கு வந்துவிட்டது. எடை குறைவு, விலையும் பெரும்பாலும் குறைவு, பராமரிப்பு ஏறக்குறைய இல்லை. இரண்டு கை மூங்கில் கோல் 14 அடி என்றால் அரை கிலோவை நெருங்கும் அல்லது தாண்டும், அதே நீளக் கார்பன் கோல் அதில் பாதி இருந்தால் அதிகம். நாள் முழுக்க வீசினால் தோள்பட்டை இரண்டு கோலுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடும். மூங்கிலில் வீசினால் மீன் அதிகம் விழும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மூங்கில் தருவது வேறு. அது மெதுவாக வளையும், கைப்பிடி வரைக்கும் வளையும், மெதுவாகவே நிமிரும். பின்னால் போன லைன் விரிந்துவிட்டதா என்பது கார்பன் கோலில் எனக்குக் கொஞ்சம் ஊகம். மூங்கிலில் உள்ளங்கையில் ஓர் இழுப்பாகத் தெரியும், யாரோ பின்னாலிருந்து கோலின் நுனியைப் பிடித்து லேசாக இழுத்தது போல. அந்த இழுப்பு வரும் வரை காத்திருந்துதான் முன்னால் கொண்டுவர முடியும், அவசரப்பட்டால் அது ஒத்துழைக்காது. ஆரம்பக்காரருக்கு மூங்கில் கஷ்டம் என்று பலர் சொல்வார்கள். கனத்தை வைத்துப் பார்த்தால் சரி. காத்திருக்கக் கற்றுக்கொடுப்பதில் அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது என்பது என் கட்சி.

இந்தக் கோல் முழு மூங்கிலைச் சீவி எடுத்ததல்ல. ஆறு பிளாச்சுகளைச் சேர்த்து ஒட்டியது. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆறு முக்கோணங்கள் கூடிய அறுகோணம் தெரியும், ஆரஞ்சுச் சுளை வட்டமாக அடுக்கியது போல. ஏன் இவ்வளவு சிரமம் என்றால், மூங்கிலின் பலம் அதன் வெளிப்பட்டைக்கு அடியில் இருக்கிறது. ஒரு மூங்கில் துண்டின் வெட்டு முகத்தை உற்றுப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவைதான் நார். வெளி விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும், உள்ளே போகப் போக விலகி, உட்சுவரில் வெறும் சோறுதான். பிளாச்சுகளாகப் பிளந்து, உள்பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு, வெளிப்பக்கத்தைத் தொடாமல் ஆறையும் சேர்த்தால், பலமான நார் முழுவதும் கோலின் மேற்பரப்பில் சுற்றி நிற்கும். வளையும்போது இழுபடுவதும் அமுங்குவதும் மேற்பரப்புதான், நடு அச்சுக்கு வேலையே இல்லை. பொருளை எங்கே வைக்க வேண்டுமோ அங்கே வைத்தாயிற்று.

எல்லா மூங்கிலும் ஆகாது. கோல் செய்கிறவர்கள் டோங்கின் மூங்கில் என்று கேட்பார்கள். டோங்கின் என்பது வட வியட்நாமின் பழைய பெயர், ஆனால் இந்த மூங்கில் விளைவது தெற்குச் சீனாவில், குவாங்டாங் மாகாணத்துச் சூய் ஆற்றோரத்து மலைச்சரிவில். ஃபிலாய்ட் மெக்ளூர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1931-இல் அதற்கு ‘அமாபிலிஸ்’ என்று பெயர் வைத்தார், லத்தீனில் அன்புக்குரியது என்று பொருள். நேராக வளரும், சுவர் தடிமன், கணு அதிகம் புடைக்காது, நார் நெருக்கம். அதற்கு முன்னால் 19-ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கல்கத்தா துறைமுகம் வழியாகப் போன மூங்கிலில்தான் கோல் செய்தார்கள், ‘கல்கத்தா கேன்’ என்றே அதற்குப் பெயர், தீயில் சுட்ட கறுப்புத் தழும்போடு வரும். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரைச் சேர்ந்த துப்பாக்கித் தச்சர் சாமுவேல் ஃபிலிப்பி, 1840-களில் பிளாச்சு ஒட்டிக் கோல் செய்தவர்களில் முன்னோடி. அவர் வயலினும் செய்வார். மெயின் மாநிலத்தின் ஹைரம் லியனார்ட் 1870-களில் ஆறு பிளாச்சுக் கோலைத் தொழிலாக மாற்றினார். இங்கிலாந்தில் அன்விக் ஊரின் ஹார்டி நிறுவனம் அதே வழியில் சால்மன் கோல்கள் செய்தது. அதுவரை சால்மனுக்குப் பயன்பட்ட கிரீன்ஹார்ட் என்ற தென்னமெரிக்க மரக் கோல்களோடு ஒப்பிட்டால் மூங்கில் கோல் இறகு.

செய்முறையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 12 அடி மூங்கிலைக் கத்தி வைத்துப் பிளக்கிறார்கள், ரம்பம் போடுவதைப் பலர் விரும்புவதில்லை, பிளந்தால் பிளவு நாரோடு போகும், ரம்பம் நாரை அறுத்துக்கொண்டு போகும். கணு இருக்கும் இடத்தில் பிளாச்சு வளைந்து புடைத்திருக்கும். அதை அரத்தால் ராவி, சூடு காட்டி, வைஸில் வைத்து அமுக்கி நேராக்குகிறார்கள். இந்தக் கணு வேலைதான் செய்பவர்கள் எல்லோரும் அலுத்துக்கொள்ளும் வேலை. ஆறு பிளாச்சின் கணுவும் ஒரே இடத்தில் கூடாதபடி முன்னும் பின்னும் தள்ளி அடுக்க வேண்டும், கூடினால் அந்த இடம் பலவீனம். அப்புறம் உத்தேசமாக முக்கோணமாக்கி, ஒன்றாகக் கட்டி, அடுப்பில் வைத்து வாட்டுகிறார்கள். ஈரம் போய், நார் விறைத்து, வறுத்த வாசனை ஒன்று வரும்.

கடைசி இழைப்புதான் உயிர்நாடி. நீளமான இரண்டு எஃகுச் சட்டங்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, நடுவில் 60 பாகைக் கோணத்தில் ஒரு பள்ளம். சட்டம் நெடுக ஐந்து அங்குலத்துக்கு ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினால் அந்த இடத்தில் பள்ளத்தின் ஆழம் கூடும், குறையும். கோல் எங்கே எவ்வளவு தடிமன் என்ற கணக்கை இந்தத் திருகுகளில் ஏற்றிவிட்டு, பிளாச்சைப் பள்ளத்தில் படுக்க வைத்து, இழைப்புளி உரசாமல் எஃகின் மேல் வழுக்கும் வரை இழைக்க வேண்டும். ஒரு பக்கம் சில தடவை, திருப்பி மறுபக்கம் சில தடவை, வெளிப்பட்டைப் பக்கம் மட்டும் கை வைக்கக் கூடாது. அலகு கூர்மையாக இருந்தால் சுருள் ஒரே நீளமாக, பிளாச்சின் முழு நீளத்துக்கும் உரிந்து வரும், ஊதினால் பறக்கும். மழுங்கிவிட்டால் கணுவில் ‘டக்’ என்று பிடிக்கும். அப்போது பிடிவாதம் பிடித்து ஓட்டினால் ஒரு சில்லு பெயர்ந்துவிடும், பிளாச்சு போச்சு. அதனால் சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கும், இழைக்கும் நேரத்துக்குச் சமமாகத் தீட்டும் நேரம் ஓடும். கோலின் நுனியில் ஒரு பிளாச்சு 2 மில்லிமீட்டர் தடிமன்கூட வராது, அதில் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகைத் துரத்துகிறார்கள். அது ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று.

இவ்வளவு நுணுக்கம் வீம்புக்கு இல்லை. கம்பியின் விறைப்பு அதன் தடிமனின் நான்காம் அடுக்கோடு கூடுகிறது. தடிமன் 5 சதவீதம் கூடினால் விறைப்பு 20 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். அந்தப் பிசகு நடுவில் ஓர் இடத்தில் விழுந்தால் கோல் அங்கே மட்டும் வளைய மறுக்கும், வீசும்போது கையில் ஒரு முடிச்சு மாதிரி இடறும். எவெரெட் காரிசன் என்ற நியூயார்க்குக்காரர் தொழிலால் பொறியாளர், கட்டடத்துக்கு விசை கணக்குப் போடுவதைப் போலக் கோலின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் கணக்குப் போட்டுத்தான் செய்தார். அவர் கணக்குகளை இன்றும் எடுத்து இழைக்கிறார்கள்.

பிறகு பசை தடவி ஆறையும் நூலால் இறுகச் சுற்றி உலரவிட்டு, மேல்தோலைச் சுரண்டி, தக்கை வளையங்கள் கோத்துக் கைப்பிடி, பட்டு நூல் சுற்றி லைன் வளையங்கள், வார்னிஷ். கையாலேயே செய்தால் 40 மணி நேரத்துக்குக் குறையாது. பெரிய சால்மன் கோலின் பிரச்சினை கனம் என்றேன். அதற்கு 1930-களில் கலிஃபோர்னியாக்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள், நடு அச்சுக்கு வேலையில்லை அல்லவா, ஒட்டுவதற்கு முன்னால் பிளாச்சுகளின் உள்முனையைக் குடைந்து எடுத்துவிட்டால் கோல் உள்ளே கூடாகிவிடும். எடை குறையும், பலம் பெரிதாகக் குறையாது. மூங்கில் வளரும்போதே இப்படித்தானே இருந்தது, சுற்றி வளைத்து அங்கேயே வந்து நிற்கிறோம் என்று எனக்குச் சிரிப்பு வரும்.

இன்னொரு ஸ்காட்லாந்து யுக்தி. ஸ்பே வீச்சு கோலைத் திருகும், திருகத் திருக கோலின் துண்டுகளை இணைக்கும் உலோக மூட்டு கழன்றுகொள்ளும். அபர்டீனில் ஷார்ப்ஸ் நிறுவனம் செய்த பழைய சால்மன் கோல்கள் பலவற்றில் மூட்டே இருக்காது. இரண்டு துண்டின் முனையையும் சாய்வாகச் சீவி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து நாடாவால் இறுகச் சுற்றிவிடுவார்கள். பார்க்க உடைந்த குச்சிக்குக் கட்டுப் போட்டது மாதிரி. ஆனால் வளைவு எங்கும் தடைபடாமல் போகும்.

இந்தக் கைத்தொழில் ஏன் ஏறக்குறைய அழிந்தது என்பதற்கு அரசியலும் ஒரு காரணம். 1950-இல் அமெரிக்கா சீனாவுடனான வணிகத்தைத் தடை செய்தது, டோங்கின் மூங்கில் வரத்து நின்றது, 1970-களின் தொடக்கம் வரை அதே நிலை. கிடங்கில் இருப்பு வைத்திருந்த சிலர் தாக்குப்பிடித்தார்கள். மற்றவர்கள் அப்போதுதான் வந்திருந்த கண்ணாடியிழைக்குப் போய்விட்டார்கள். தடை நீங்கிய கையோடு கார்பன் வந்துவிட்டது.

சரி, கோலோடு ஆற்றில் இறங்குவோம். மடுவின் தலைப்பில் நிற்கிறீர்கள். ஆற்றுக்குக் குறுக்கே, கீழ்நோக்கிச் சுமார் 45 பாகையில் வீசுகிறீர்கள். ஓட்டம் லைனை இழுக்க, ஃப்ளை ஒரு வில் போல எதிர்ப்பக்கத்திலிருந்து உங்கள் பக்கம் நீந்தி வரும். நடு ஓட்டம் வேகமாக இருந்தால் லைனின் வயிற்றுப் பகுதி முன்னால் ஓடி ஃப்ளையைத் தறிகெட்டு இழுக்கும், அதனால் லைன் தண்ணீரில் விழுந்தவுடன் கோலைச் சுழற்றி அந்த வயிற்றை மேலோட்டத்தின் பக்கம் தூக்கிப் போட வேண்டும். ஃப்ளை நேர் கீழே வந்து நின்றதும் கீழ்நோக்கி இரண்டு அடி நகர்ந்து மறுபடி வீச வேண்டும். இப்படியே மடு முழுவதும். படுத்திருக்கும் ஒவ்வொரு மீனின் முகத்துக்கு முன்னாலும் ஒரு தடவையாவது ஃப்ளை கடந்து போக வேண்டும் என்பதுதான் கணக்கு. எங்கே மீன் படுக்கும் என்று தெரிந்த ஆள் கூட இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஸ்காட்லாந்தில் அந்த ஆளுக்குப் பெயர் கில்லி. ஆமாம், கில்லிதான், நம் கில்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் பெரும்பாலும் கில்லியாகத்தான் இருப்பார்கள்.

மீன் தொடும்போது ஆரம்பக்காரர் செய்வது, வெடுக்கென்று கோலைத் தூக்குவது. ட்ரவுட்டுக்கு அது சரி, சால்மனுக்குச் சர்வநாசம். சால்மன் மேலே வந்து, ஃப்ளையை வாயில் வாங்கி, திரும்பித் தன் இடத்துக்குப் போகும். திரும்பும்போதுதான் முள் வாயோரத்தில் மாட்டும். அதற்கு முன்னால் இழுத்தால் திறந்த வாயிலிருந்து ஃப்ளையைப் பிடுங்கியதாகும். விரலில் பிடித்திருக்கும் லைன் நழுவட்டும், லைன் சுற்றியிருக்கும் ரீல் ஓட ஆரம்பிக்கட்டும், அப்புறம் கோலைத் தூக்கினால் போதும். சொல்வது சுலபம். பல நாள் ஒன்றும் நடக்காமல் நின்றுவிட்டு, திடீரென்று கையில் இழுப்பு வரும்போது சும்மா இருப்பதற்கு மனுஷனுக்குத் தனிப் பயிற்சி வேண்டும்.

எவ்வளவு பெரிய மீன் வரலாம்? பிரிட்டனில் தூண்டிலில் சிக்கியதிலேயே பெரிய சால்மனைப் பிடித்தவர் ஜார்ஜினா பாலன்டைன், 1922-இல் டே ஆற்றில், 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. ஆனால் அது ஃப்ளையில் வந்ததல்ல. ஃப்ளையில் வந்த பெரிய மீன் 61 பவுண்டு, 1924-இல் டெவரன் ஆற்றில் கிளமென்டினா மாரிசன் பிடித்தது. இரண்டு சாதனையும் பெண்களுடையவை, இரண்டும் நூறு வருடமாக அசையவில்லை.

இனி அசையவும் வாய்ப்புக் குறைவு. 2023 டிசம்பரில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் சால்மனை அருகிவரும் நிலையை நெருங்கும் இனமாக அறிவித்தது, 2006-க்கும் 2020-க்கும் இடையில் உலக அளவில் 23 சதவீதம் குறைந்திருக்கிறது. அதனால் சட்டம் கடுமை. ஸ்காட்லாந்தில் அரசு உரிமம் தேவையில்லை, ஆனால் அந்த ஆற்றுப் பகுதியின் உரிமையாளர் அனுமதி இல்லாமல் வீசக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்கு வீசவே கூடாது, மீன் குறைந்துபோனதால் மூன்றாம் தரம் என்று குறித்த ஆறுகளில் பிடித்ததைக் கட்டாயம் விட்டுவிட வேண்டும். இங்கிலாந்தில் உரிமம் வேண்டும், ஜூன் 16-க்கு முன்னால் பிடித்ததை விட வேண்டும். கனடாவின் நியூ பிரன்ஸ்விக்கில் ஃப்ளையைத் தவிர வேறெதிலும் பிடிக்க முடியாது, பிடித்தாலும் விட்டாக வேண்டும். மெயின் மாநிலத்தில் கடலிலிருந்து ஏறிவரும் சால்மனைப் பிடிக்க முயற்சி செய்வதே குற்றம். விடுவதென்றால் முனைக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிய சின்னச் செதில் இல்லாத முள், நனைத்த கை, மீனைத் தண்ணீரைவிட்டுத் தூக்காமல் தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவாகத் திமிறிப் போகும் வரை காத்திருத்தல்.

மீனோடு மல்லுக்கட்டும்போது மூங்கிலுக்காக ஒரு விஷயம் செய்ய வேண்டும்: அவ்வப்போது கோலைத் தலைகீழாகத் திருப்பி, ரீல் மேலே வரும்படி பிடியுங்கள். ஒரே பக்கமாக நெடுநேரம் வளைந்தால் கோல் அந்த வளைவிலேயே தங்கிவிடும். தங்கினால் உலகம் முடியாது, தெரிந்தவர் லேசாகச் சூடு காட்டி நிமிர்த்திவிடுவார். துண்டுகளைக் கழற்றும்போது திருகாமல் நேராக இழுங்கள். துடைக்காமல் ஈரத்தோடு குழாய்க்குள் போட்டு மூடாதீர்கள், வார்னிஷ் கொப்பளித்து உள்ளே பூஞ்சை ஏறும். துணியால் துடைத்து, துணிப்பையில் தொங்கவிட்டால் அதன் ஆயுள் நம் ஆயுளைவிட அதிகம். மூங்கில் கோல்கள் மீனிடம் உடைவதைவிடக் கார்க் கதவிலும் மின்விசிறியிலும்தான் அதிகம் உடைகின்றன.

வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது இரவல் வாங்கிப் புல்வெளிக்குப் போங்கள். முள் வேண்டாம், லீடர் நுனியில் சிவப்புக் கம்பளி நூல் ஒரு விரற்கடை கட்டிக்கொள்ளுங்கள். முப்பதடி லைன் போதும். பின்னால் வீசிவிட்டுத் தலையைத் திருப்பி லைன் விரிவதைக் கண்ணால் பாருங்கள், அது விரிந்து நேராகும் வரை கையை நகர்த்தாதீர்கள். ஒரு இருபது தடவை பார்த்த பிறகு, திரும்பாமல் கையில் வரும் இழுப்பை மட்டும் வைத்து முன்னால் வீசிப் பாருங்கள். புல்லில் அந்தச் சிவப்பு நூல் எங்கே விழுகிறது என்பதுதான் மதிப்பெண்.